பில் அப்பா பெயரில், ஐபி எண் யார் பெயரில்?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுத் தொலைபேசி எடுத்த காலத்திலிருந்தே பில் எல்லாம் அப்பா பெயரில்தான். இணையத் தொடர்பும் அப்படியே தொடர்ந்து வந்துவிட்டது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியாகக் கிடந்த இரண்டு மாடி அறைகளை, வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாடகையோடு வைஃபையும் சேர்த்தி. "அந்தப் பையன்கள் யாராவது இணையத்தில் ஏடாகூடமாக எதையாவது எழுதிவைத்தால், ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து நிற்பார்களா?" என்பது அவர் கேள்வி.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், வரலாம். ஆனால் ஏன் வரலாம், அந்த எண் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதைப் புரிந்துகொள்ள, அது வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சினிமாவில் போலீஸ் அதிகாரி "ஐபி அட்ரஸ் கிடைச்சிருச்சு" என்று சொன்ன அடுத்த நொடி, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும், ஜீப் கிளம்பிவிடும். நிஜத்தில் அப்படி ஒரு புள்ளி கிடையாது.

ஐபி எண்ணை வீட்டுக் கதவு எண் போலவே பலரும் நினைக்கிறார்கள். அதைவிட, கிளினிக்கில் வாங்கும் எண் சீட்டு என்று நினைத்துக்கொள்வது பொருத்தம். இன்று காலை 42ஆம் எண் உங்கள் கையில். நாளைக்கு அதே 42 வேறொருவர் கையில். "42ஆம் எண்காரர் மருந்துக்குப் பணம் கட்டாமல் போய்விட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஆளைச் சொல்ல முடியாது. அப்படியே கேட்டாலும் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான்: பதிவேடு வைத்திருக்கும் கவுண்டர். நம் விஷயத்தில் அந்தக் கவுண்டர், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் இணையச் சேவை நிறுவனம்.

அந்த நிறுவனத்துக்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன? உலகம் முழுவதற்குமான எண்களை ஐயானா என்ற அமைப்பு ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பதிவகத்தின் பெயர் ஏப்னிக். அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில். நம் நாட்டு நிறுவனங்கள் அங்கிருந்து கட்டுக் கட்டாக எண்களைப் பெற்று வைத்திருக்கின்றன. உதாரணத்துக்கு, 175.136 முதல் 175.143 வரை தொடங்கும் எண்கள் எல்லாம் டெலிகாம் மலேசியாவுடையவை. அந்த ஒரு கட்டில் மட்டும் 524,288 எண்கள்.

உங்கள் எண்ணைத் தெரிந்துகொண்ட வெளியாள் ஒருவர், இந்தப் பொதுப் பதிவேட்டில் தேடி, "இது இன்ன நிறுவனத்தின் எண், மலேசியா" என்பது வரை பார்க்கலாம். அதற்கு மேல் வெறும் ஊகம். பந்திங்கில் உட்கார்ந்து இணையத்தைத் திறப்பவருக்கு, "நீங்கள் இருப்பது கோலாலம்பூர்" என்று சில தளங்கள் காட்டுவது இதனால்தான்.

மோடத்தைப் போட்டதும் நடப்பது இது. ஸ்ட்ரீமிக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு, மோடம் அமைப்புப் பக்கத்தில் போட வேண்டிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நினைவிருக்கும். யூனிஃபை வீடுகளிலும் அப்படி ஒரு பெயர் ரூட்டருக்குள் இருக்கிறது. டெக்னிஷன் வந்து போட்டுவிட்டுப் போனதால் நம் கண்ணில் படுவதில்லை. ரூட்டர் அந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டும். கணக்கு சரியாக இருந்தால், அந்த நேரத்தில் கையிருப்பில் உள்ள எண்களில் ஒன்றை நிறுவனம் எடுத்துக் கொடுக்கும். ரூட்டரை அணைத்துப் போட்டால் வேறு எண் வரலாம். சில இணைப்புகளில் பழைய எண்ணே வாரக்கணக்கில் நீடிக்கலாம். மாறாத எண் வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் வணிகத் திட்டத்தில், கூடுதல் கட்டணத்துக்குத்தான் கிடைக்கும். எப்படி இருந்தாலும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது: இந்தக் கணக்கு, இந்த எண், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை. கணக்கு யார் பெயரிலோ, அந்தப் பெயர்தான் அந்த வரியில் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே அப்பாவின் கைப்பேசி, அம்மாவின் டேப்லெட், மாடி அறைப் பையன்களின் மடிக்கணினி, டிவி எல்லாவற்றுக்கும் ரூட்டரே 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்களைக் கொடுக்கிறது. உங்கள் வீட்டில் உள்ள அதே 192.168 எண் பக்கத்து வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும். வெளியுலகத்துக்கு வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே ஆள். அதனால் ஐபி எண் என்றைக்குமே ஒரு மனிதரைக் காட்டியதில்லை. ஒரு பில்லைத்தான் காட்டியது.

இப்போது அந்த ஒரு பில்லைக்கூட உறுதியாகக் காட்டுவது கடினமாகிவிட்டது. காரணம் பற்றாக்குறை.

இன்றும் பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முறை 1981இல் வகுக்கப்பட்டது. அதில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான். அன்றைக்கு அது வற்றாத கடல். 1515க்கு டயல் செய்து டிஎம்நெட்டில் நுழைந்த காலத்திலும் நெருக்கடி தெரியவில்லை. யாராவது டெலிபோனைத் தூக்கினாலே இணையம் அறுந்துபோகும் காலம் அது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க மாட்டார்கள். ஒருவர் போனதும் அவர் எண் அடுத்தவருக்கு. பிறகு ஸ்ட்ரீமிக்ஸ், 2010 மார்ச்சில் யூனிஃபை என்று வந்தபோது வீட்டு இணையம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தே கிடந்தது. கைப்பேசிகளும் சேர்ந்துகொண்டன. ஒருவர் போனால் அடுத்தவருக்கு என்ற கணக்கு உடைந்தது.

2011 பிப்ரவரி 3ஆம் தேதி, கையிருப்பில் கடைசியாக இருந்த ஐந்து பெரிய கட்டுகளை ஐயானா ஐந்து வட்டாரங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தது. ஐந்து வட்டாரங்களில் முதலில் தட்டிப்போனது நம்முடையது. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஏப்னிக் ரேஷன் முறைக்கு வந்தது: கடைசிக் கட்டிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு 1,024 எண்களுக்கு மேல் இல்லை. ஒரு கொண்டோமினியத்துக்கே காணாது.

எனவே உலகெங்கும் சேவை நிறுவனங்கள், வீட்டு ரூட்டர் செய்யும் வேலையைத் தங்கள் மட்டத்திலும் செய்யத் தொடங்கின. பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிறுத்துவது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் இணையப் பொறியாளர்கள் தனியாக ஓர் எண் வரிசையை ஒதுக்கினார்கள்: 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை. உங்களுக்கு அந்த வரிசையில் எண் வந்திருந்தால், உங்கள் பொது முகவரியை முன்பின் தெரியாத பல குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் பொருத்திய பழைய வகை சிசிடிவி கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, நண்பனோடு விளையாடும் கேம் மட்டும் இணைய மாட்டேன் என்கிறது என்ற புலம்பல்களில் பாதிக்குக் காரணம் இதுதான். ரூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொண்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு யூனிட், ஒரே வாசல், ஒரே ஜாலான் பெயர். வெளியே போன கார் எந்த யூனிட்டுக்காரருடையது என்பது காவலர் அறைப் பதிவேட்டில்தான் இருக்கும். இணையத்தில் அந்த யூனிட் எண்ணுக்குச் சமமானது 'போர்ட்' எண். கிள்ளான்காரர்கள் துறைமுகத்தை நினைத்துவிட வேண்டாம். ஒரே முகவரியிலிருந்து கிளம்பும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் துணை எண் அது. பகிரப்பட்ட முகவரியிலிருந்து ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க ஐபி எண், போர்ட் எண், நொடி சுத்தமான நேரம் மூன்றும் வேண்டும். இணையத்தளங்கள் போர்ட் எண்ணையும் குறித்து வைக்க வேண்டும் என்று 2011லேயே பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். குறித்து வைக்காத தளங்கள் ஏராளம். 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இதைப் பற்றி வெளிப்படையாகவே முறையிட்டது: ஒரே எண்ணைப் பலர் பகிர்வதால், குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் விசாரணை வளையத்துக்குள் வருகிறார்கள் என்று.

நேரம் என்று சொன்னேன் இல்லையா, அதிலும் ஒரு வில்லங்கம். வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கு இரவு 11.30 என்றால் அங்கே பிற்பகல் 3.30. எட்டு மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், அந்த எண்ணை மத்தியானம் வைத்திருந்த வேறொரு வீட்டின் கதவு தட்டப்படும்.

பொறியாளர்கள் எண்ணைப் பகிர்வதற்கு வரிசை ஒதுக்கிய அதே 2012 ஏப்ரலில், நம் நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஜூலை 31ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அதன் இரண்டாம் உட்பிரிவு நம் வாசகியின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்புக்குச் சந்தாதாரராகப் பதிவாகியிருப்பவரே அதை வெளியிட்டார் என்று கருதப்படும், மாறாக நிரூபிக்கப்படும் வரை. இது குற்றவாளி என்ற தீர்ப்பு அல்ல, ஓர் அனுமானம்தான். ஆனால் அதை உடைக்கும் பாரம் பில்லில் பெயர் உள்ளவர் தோளில் விழுகிறது. சாதாரணமாகக் குற்றம் சாட்டுபவர் நிரூபிக்க வேண்டியதை, இங்கே சாட்டப்பட்டவர் மறுத்து நிரூபிக்க வேண்டும்.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்காரர்களின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதே 2012 தொடக்கத்தில்தான், 120 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவகங்கள் வைஃபை கொடுக்க வேண்டும் என்று கோலாலம்பூர் மாநகர் மன்றம் அறிவித்திருந்தது. ஒரு கை "வைஃபை கொடு" என்கிறது. இன்னொரு கை "அதில் யார் எதை எழுதினாலும் நீ எழுதியதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வோம்" என்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, சுதந்திர இதழியல் மையம் முன்னெடுத்த 'இணைய இருட்டடிப்பு நாள்' போராட்டத்தில் பல தளங்கள் கறுப்புத் திரையைக் காட்டின. அமைச்சரவை இதை விவாதிக்கும் என்று அன்றைய பிரதமர் நஜிப் டுவிட்டரில் எழுதினார். அமைச்சரவை கூடியது, நாடாளுமன்றம் நிறைவேற்றியபடியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது.

ஏட்டுச் சுரைக்காயாக அந்தப் பிரிவு தூங்கவில்லை. 2014இல் சட்ட அறிக்கைகளில் வெளியான உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு வலைப்பூக்களில் தங்களைப் பற்றி அவதூறு எழுதியது யார் என்று கண்டுபிடிக்க, வழக்குத் தொடுத்தவர்கள் கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே கிடைத்த ஆணையின்படி கூகள் ஐபி எண்களைக் கொடுத்தது. அந்த எண்கள் யாருடைய கணக்குக்குப் போயிருந்தன என்பதை டெலிகாம் மலேசியா சொன்னது. அந்தக் கணக்குக்காரரால் 114ஏ அனுமானத்தை உடைக்க முடியவில்லை. எண், கணக்கு, பெயர், தீர்ப்பு: சங்கிலி முழுதாக வேலை செய்தது.

சங்கிலியில் ஒரு கண்ணி தவறானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சம்பவம். 2007 ஆகஸ்டில், ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாகச் சொல்லி, பெங்களூரில் வேலை பார்த்த மென்பொருள் பணியாளர் ஒருவரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஆதாரம் ஐபி எண். அந்த எண் அவருக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சேவை நிறுவனம் கொடுத்த சந்தாதாரர் விவரம் தவறு. அதற்குள் அவர் சிறையில் 50 நாட்களைக் கழித்திருந்தார். எண்களைப் பகிரும் முறை பரவாத காலத்தில், ஒரு வீட்டுக்கு ஒரு எண் என்று இருந்தபோதே நடந்தது இது. இன்று ஒரு எண்ணுக்குப் பின்னால் பல வீடுகள் நிற்கும்போது, "பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது" என்று சொல்பவரிடம், போர்ட் எண் இருக்கிறதா, எந்த நாட்டு நேரம் என்று கேட்க ஒரு வழக்கறிஞராவது பக்கத்தில் இருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், பகிர்ந்த எண்களின் காலத்துக்கு 114ஏ பொருந்தாத சட்டம். ஆனால் அது மாறும் வரை அதற்குள்தான் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

சரி, கிள்ளான் வீட்டுக்கு என்ன வழி? வாடகைக்கு இருப்பவர்களைத் தங்கள் சொந்தத் தொடர்பையோ கைப்பேசி டேட்டாவையோ பயன்படுத்தச் சொல்வதுதான் சுத்தமான வழி. வாடகையில் ஐம்பது ரிங்கிட்டைக் குறைத்துக்கொண்டாவது சொல்லலாம். அது நடக்காது என்றால், வாடகை ஒப்பந்தத்தில் வைஃபை பற்றி இரண்டு வரி எழுதி, யார் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாறாக நிரூபிக்க வேண்டிய நாளில் கையில் இருக்கக்கூடிய காகிதம் அதுதான். ரூட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாகத் திறந்து, அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். வெளியே தெரியும் எண் இதனால் மாறாது. ஆனால் ஆள் காலி செய்த அன்றே கடவுச்சொல்லை மாற்றுவது எளிது. போன வாடகைக்காரர் இன்னும் வாசலில் காரை நிறுத்தி உங்கள் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஆரம்பக் கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிடுங்கள். ஏதாவது விசாரணை என்று வந்தால், பயத்தில் ரூட்டரை ரீசெட் செய்துவிடாதீர்கள். இருக்கும் கொஞ்சநஞ்சப் பதிவும் அதோடு போய்விடும்.

அந்தக் கணக்கு அப்பா பெயரில்தான் இருக்க வேண்டுமா என்பதையும் வீட்டில் பேசுங்கள். இணையத்தையே தொடாத பெரியவரை, பழக்கதோஷத்தால் சட்டத்தின் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம். காலமானவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் பில் கட்டிவரும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வீட்டு இணையத்தை உண்மையில் கவனித்துக்கொள்ளும் மகனோ மகளோ தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நியாயம்.

உங்களுடையது பகிர்ந்த எண்ணா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளித் தொடர்புக்கான ஐபி என்று ஒன்று இருக்கும். கூகளில் "என் ஐபி என்ன" என்று ஆங்கிலத்தில் கேட்டால் வரும் தளங்கள் இன்னொன்றைக் காட்டும். நான்காம் பதிப்பு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் எண் உங்களுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு. வேறாக இருந்தால் பகிர்வு. நீளமாக, முக்காற்புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது ஆறாம் பதிப்பு. அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை, வீட்டுக்கு ஒரு பெரிய தொகுதியையே கொடுக்கலாம். அதைப் பயன்படுத்துவதில் மலேசியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. ஆனால் பழைய முறையில் மட்டும் இயங்கும் தளங்கள் இன்னும் பல இருப்பதால், பகிர்ந்த எண்ணும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. "எம்சிஎம்சியிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஐபி முகவரி குற்றச்செயலில் பயன்பட்டிருக்கிறது, போலீசுக்கு லைனை மாற்றுகிறோம்" என்று வரும் அழைப்புகளைப் பற்றி. இதுவரை படித்தவர்களுக்கே தெரியும்: எண்ணிலிருந்து பெயருக்குப் போக, சேவை நிறுவனத்தின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். அப்படிப் போனவர்கள் தொலைபேசியிலேயே மிரட்டி, வங்கிக் கணக்கு விவரமும் கேட்க மாட்டார்கள். அழைப்பைத் துண்டியுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 997. தாமதிக்காமல் உடனே அழையுங்கள்.